தகட்டில் இடது, தாளில் வலது

எங்கள் வீட்டுப் பின்னால் தகரக் கொட்டகையில் ஒரு மெஷின் நிற்கிறது. அதைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது கரும்பு ஜூஸ்தான். மீட்டர் பார்க்க வந்த ஒருவரிடம் நானே, "ஐஸ் போட்டா, போடாமலா?" என்று கேட்டேன். போடாமல் என்றார். அண்ணி வெளியே வந்து என்னைத் திட்டிவிட்டு அவருக்கு டீ கொடுத்து அனுப்பினார்.

அந்த மெஷினைச் செய்தவன் நான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் சண்டையில்லாமல் பிரிந்துவிட்டோம். அதற்குப் பிறகு ஹேடோ துறைமுகத்துப் பக்கம் ஒரு பட்டறையில் வெல்டிங். கழித்துப்போட்ட இரும்பு உருளை இரண்டு, பழைய படகு ஒன்றின் சக்கரம், நடுவில் தள்ளிவிட ஒரு பலகை. சக்கரத்தைச் சுற்றினால் பலகை இரண்டு உருளைகளுக்கும் நடுவே நசுங்கிக்கொண்டு போகும். இவ்வளவுதான் மெஷின். ஆனால் அண்ணிக்கு அது உயிர்.

அண்ணி சென்னையில் ஓவியம் படித்தவர். அண்ணனைக் கட்டிக்கொண்டு கப்பலேறிப் போர்ட் பிளேருக்கு, இந்த லம்பா லைனுக்கு வந்தார். செம்புத் தகட்டில் தெரு வரைவதுதான் அவருடைய வேலை. தகட்டின் மேல் மெழுகு மாதிரி ஒரு கறுப்புப் பூச்சு. அதில் ஊசியால் கீறி வரைவார். பிறகு தகட்டை ஆசிடில் போட்டால், கீறின இடத்தை மட்டும் ஆசிட் அரிக்கும். பூச்சைக் கழுவிவிட்டு, அரித்த கோடுகளில் மையை நிரப்பி, மேலே ஈரத்தாளை வைத்து என் மெஷினில் ஓட்டினால் தெரு தாளுக்கு வந்துவிடும். நான் பட்டறையில் தகட்டை ஒட்டவைக்கிறேன், அண்ணி வீட்டில் தகட்டை அரிக்கவிடுகிறார். ஒரே குடும்பம்.

அக்கம்பக்கத்தில் யாராவது வீட்டு மருமகளைப் பற்றி, "பஹூ என்ன பண்றாங்க?" என்று கேட்டால் அண்ணன், "சும்மாதான் இருக்காங்க" என்பார். கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. சம்பளம் வராத வேலைக்கு அவருக்கு வேறு வார்த்தை தெரியாது, அவ்வளவுதான். அந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம் சமையலறையில் ஒரு பாத்திரம் கொஞ்சம் சத்தமாகக் கீழே வைக்கப்படும்.

அப்படி இருக்கும்போதுதான் சென்னையில் இருந்து ஒரு அழைப்பு வந்தது. போர்ட் பிளேரின் பழைய தெருக்கள், ஐந்து படம். ஐந்தும் சேர்ந்து வந்தால் கண்காட்சியில் ஒரு முழுச் சுவர் அண்ணிக்கு. ஒன்று குறைந்தாலும் அந்தச் சுவர் வேறு ஒருவருக்குப் போய்விடும். நான்கு தெரு முடிந்துவிட்டது. ஐந்தாவது அபர்டீன் பஜாரில், மணிக்கூண்டிலிருந்து கொஞ்சம் மேலே ஏறினால் வரும் வெள்ளைக்காரன் காலத்து மரக்கட்டடம். மேலே மரத்தில் பூவேலை செய்த பால்கனி, தகரக் கூரை, கீழே இரண்டு கடை. அண்ணன் ஆபீஸில் ஒருவர் காலைக் கப்பலில் மெயின்லேண்ட் போகிறார், அவர் கையில் படங்களைக் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. தபாலை நம்பி ஒருமுறை அனுப்பியது எட்டாக மடிந்து போய்ச் சேர்ந்திருந்தது. அதனால் அந்தக் கப்பலை விட்டால் வேறு வழி கிடையாது.

கப்பலுக்கு முந்தின நாள் காலையில் அண்ணி ஒரே ஒரு தாளை மட்டும் ஓட்டிப் பார்த்தார். பிறகு அந்தத் தாளையும் தகட்டையும் எடுத்துக்கொண்டு பஜாருக்குக் கிளம்பினார். தெருவைப் பார்த்து ஒத்துப்பார்த்து, விட்டுப்போன கோடுகளைத் தகட்டிலேயே ஊசியால் போடவேண்டும். துணைக்கு நான். வீட்டில் மீதித் தாள்களை ஈரத்துணிக்குள் ஊறவைத்திருந்தோம். இந்த ஊர் ஈரத்தில் அதை ரொம்ப நேரம் விட்டால் பூஞ்சை பிடித்துவிடும்.

அந்த இரண்டு கடைக்காரர்களைப் பற்றிச் சொல்லவேண்டும். தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம், அண்ணன் தம்பி. மூலைக்கடை பெரிய அண்ணாச்சியின் பாத்திரக்கடை. அதை ஒட்டினது சின்ன அண்ணாச்சியின் துணிக்கடை. மூலைக்கு இரண்டு தெரு வாசல் இருப்பதால் வியாபாரம் அங்கேதான். அவர்களுடைய அப்பா கடைசியாகப் படுக்கையில் இருந்தபோது, "இடது பெரியவனுக்கு, வலது சின்னவனுக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். தெருவில் நின்று பார்த்தால் மூலை இடதுபக்கம். அதனால் அது என்னுடையது என்கிறார் பெரியவர். அப்பா ஆயுசு முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தவர், அங்கேயிருந்து பார்த்தால் மூலை வலதுபக்கம், அதனால் என்னுடையது என்கிறார் சின்னவர். இரண்டு பேரும் பேச்சை நிறுத்தி ரொம்ப காலம். அந்த வார ஞாயிறு வியாபாரிகள் சங்கத்துப் பெரியவர்கள் உட்கார்ந்து இதைத் தீர்க்கப் போவதாக இருந்தது.

இதெல்லாம் எங்களுக்கும் தெரியும். தெரிந்தும் உறைக்கவில்லை.

எதிரே டீக்கடை பெஞ்சில் தாளை விரித்ததும் சின்ன அண்ணாச்சிதான் முதலில் வந்தார். அவர் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு குனிந்து கிட்டத்தில் பார்த்தார்.

"எம்மா, மூலை வலப்பக்கம்லா இருக்கு."

அச்சில் எல்லாம் திரும்பித்தான் விழும். தகட்டில் இடது, தாளில் வலது. முதல் நான்கு தெருவும் அப்படித்தான் திரும்பிக் கிடந்தன. அந்தத் தெருக்களில் யாரும் சொத்துப் பிரிக்கவில்லை, அதனால் யாரும் கண்டுகொள்ளவில்லை. அண்ணி விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் சின்ன அண்ணாச்சி தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

"படிச்ச பொண்ணு, கட்சி கெடையாது, கண்ணால பாத்து வரைஞ்சிருக்கு. மூலை வலது. வலது யாருக்குன்னு எங்கப்பா சொல்லிட்டுப் போயிருக்காரு."

பாத்திரக்கடையில் கரண்டி அடுக்கும் சத்தம் நின்றது. பெரிய அண்ணாச்சி படியிறங்கி வந்தார். தாளைப் பார்க்கவில்லை, தம்பி கையில் இருப்பதைத் தொட அவருக்கு மனசில்லை. பெஞ்சில் கிடந்த தகட்டைத்தான் பார்த்தார். வெயிலில் செம்பு பளபளத்தது. தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, கோடுகளைக் கண்டுபிடித்தார். தகட்டில் மூலை இடதுபக்கம் இருந்தது.

"ஓஹோ" என்றார். "ஒரிஜினல்ல சரியாத்தான் இருக்கு. ஜெராக்ஸ்லதான் மாத்திருக்கிய."

சொல்லிக்கொண்டே தகட்டை எடுத்துவிட்டார். அண்ணியின் கை தானாக நீண்டது. அவர் வெடுக்கென்று நெஞ்சோடு இழுத்துக்கொண்டார். அப்போது அவருடைய கல்மோதிரம் செம்பின் மேல் ஓடிய சத்தம் கேட்டது. சிலேட்டில் நகம் படுகிற மாதிரி ஒரு சத்தம். அண்ணி கண்ணை மூடித் திறந்தார்.

"அண்ணாச்சி, அது கீறிடும். கீழ வைங்க. அச்சுல எல்லாமே திரும்பித்தான் வரும், அதான் விஷயம்."

"எப்படி ம்மா திரும்பும்? ரேஷன் கார்ட ஜெராக்ஸ் எடுத்தா பேரு திரும்பியா வருது?"

நான் நடுவில் புகுந்தேன். "அண்ணாச்சி, சத்தியமா. ரப்பர் ஸ்டாம்ப் இருக்குல்ல, அதுல எழுத்து திரும்பித்தான இருக்கும். அதே மாதிரிதான் இது."

பெரிய அண்ணாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ பேசாதல. என் லோடு நிக்கோபார் தீவுக்குப் போயிட்டுன்னு சொல்லி என்னைய கப்பல் ஜெட்டி வரைக்கும் ஓடவிட்டவன்தான நீ."

அது உண்மைதான். அவருடைய பாத்திர லோடு அன்றைக்குப் பத்திரமாக ஹேடோவில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் ஓடியதைப் பார்த்துத் தெருவே சிரித்தது. இப்போது அதே தெரு பெஞ்சைச் சுற்றி நின்றுகொண்டு என் வாயைப் பார்த்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு பேர் முன்னால் நான் உண்மை பேசியதே அன்றைக்குத்தான். ஒருவரும் நம்பவில்லை. டீக்கடைக்காரர்கூட, "க்யா பாய், ஆஜ் கா மஸ்தி ஷுரு" என்று, இன்றைய குறும்பு தொடங்கிவிட்டது என்கிற மாதிரிச் சிரித்துக்கொண்டே பாலை ஆற்றினார்.

பக்கத்து சலூனுக்கு ஓடிப் பின்னந்தலை காட்டுகிற கண்ணாடியை வாங்கிவந்தேன். சின்ன அண்ணாச்சி கையில் இருந்த தாளுக்கு நேரே பிடித்தேன். கண்ணாடியில் மூலை இடதுபக்கம் வந்தது.

"பாருங்க அண்ணாச்சி, தகட்டுல இருக்கிற மாதிரியே."

பெரிய அண்ணாச்சி கண்ணாடியில் தன் மூஞ்சியைப் பார்த்து, மோதிரக் கையைத் தூக்கிக் காட்டினார். "கண்ணாடில என் கையுந்தான் மாறித் தெரியுது. அதுக்காக நாளைலருந்து மோதிரத்த இந்தக் கையிலயா போட முடியும்?"

கூட்டம் அவருக்குச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வராத கூட்டச்சிரிப்பு அதுதான் முதல் தடவை.

அவர் தகட்டோடு கடைக்குள் போனார். தகட்டைத் தரையில் வைத்து, அதன் மேல் ஒரு பெரிய அண்டாவைக் கவிழ்த்து, ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"ஞாயித்துக்கிழமை பெரியவங்க வருவாங்க. அவுங்க முன்னாடி எடுத்து வைக்கேன். அதுக்கப்புறம் நீங்க என்னமும் பண்ணிக்கிடுங்க."

"அண்ணாச்சி, நாளைக்குக் காலைல கப்பல்" என்றார் அண்ணி.

"ஒரிஜினல் கையில இருந்தாத்தான் ம்மா மதிப்பு. நீங்க படிச்சவங்க, ஒங்களுக்குத் தெரியாததா."

நான் அண்ணனுக்குப் போன் செய்தேன். அவர் ஆபீஸ் குரலில், குசுகுசுவென்று பேசினார். "அவுங்க குடும்பச் சண்டையில நாம எதுக்குடா? தகடு போனாப் போகுது. அண்ணியக் கூட்டிட்டு வீட்டுக்கு வா. அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு சொல்லு."

சொல்லவேண்டியிருக்கவில்லை. என் பழைய போன் அலறுகிற ரகம், அண்ணன் குசுகுசுத்ததுகூடப் பெஞ்சு வரைக்கும் கேட்டிருந்தது.

"நீ வேணா போ" என்றார் அண்ணி. "நான் சும்மாதான இருக்கேன். இங்க இருக்கேன்."

வெயில் ஏறியது. அண்ணி பெஞ்சில் உட்கார்ந்து பாத்திரக்கடையையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி அண்டா மேல் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெங்காலி அம்மா அந்த அண்டாவையே விலை கேட்டார். அண்ணாச்சி எழுந்திருக்காமல், அது விற்பனைக்கு இல்லை என்று ஹிந்தியில் சொல்லி அனுப்பினார். வேறு நாளாக இருந்தால் தெருவில் போகிற எல்லோரையும் அண்டா விலை கேட்க வைத்திருப்பேன். அன்றைக்கு அண்ணியின் கையைப் பார்த்தேன். பெஞ்சின் விளிம்பை அழுத்திப் பிடித்ததில் விரல் நுனியெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. வீட்டில் தாள்கள் ஊறிக்கொண்டிருந்தன. நல்லதாக ஒன்று தேற எல்லாத் தாளையும் ஓட்டவேண்டும், அது ஒரு பகல் வேலை. அந்தப் பகலில் பாதி போய்விட்டது.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடைகள் ஷட்டரை இறக்கும் நேரம் அண்ணி எழுந்து பாத்திரக்கடைப் படியேறினார். நான் பின்னால் போனேன்.

"அண்ணாச்சி, தகட்ட எனக்குத் தர வேண்டாம். நீங்களே எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்கு வாங்க. மடியிலேயே வச்சுக்கங்க. மை போடறப்ப மட்டும் மேசையில வைங்க, அப்பவும் பக்கத்துலயே நில்லுங்க. நான் ஏதாவது மாத்துறேனான்னு ஒங்க கண்ணால பாருங்க. மாத்துனா தகட்ட எடுத்துட்டுப் போயிடுங்க, நான் கேக்கவே மாட்டேன்."

அண்ணாச்சி குனிந்து அண்டாவைப் பார்த்தார். துணிக்கடைப் பக்கமிருந்து குரல் வந்தது.

"நானும் வருவேன். நான் இல்லாம அங்க ஒண்ணும் நடக்கக்கூடாது."

சின்ன அண்ணாச்சி அதைச் சொன்னது என்னைப் பார்த்து. பெரிய அண்ணாச்சியும் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்: "வரச்சொல்லு. கண்ணு இருந்தா பாத்துக்கிடட்டும்."

ஒரே ஆட்டோ. பின்னால் நடுவில் அண்ணி, இந்தப் பக்கம் தகட்டை மடியில் கட்டிப்பிடித்தபடி பெரியவர், அந்தப் பக்கம் தாளைச் சுருட்டிப் பிடித்தபடி சின்னவர். டிரைவர் பக்கத்தில் அரை இருக்கையில் நான். வழிநெடுக என் வழியாகவே பேச்சு.

"இன்னும் நூறு தாள் எடுத்தாலும் வலதுதான் வரும்னு சொல்லு."

"அப்பாவுக்கு மருந்து வாங்கிக் குடுத்தது யாருன்னு கேளு."

"கப்பல் டிக்கெட் போட்டு மெயின்லேண்டுக்குக் கூட்டிட்டுப் போனது யாருன்னு கேளு."

இந்த மாதிரி ஒரு வாய்ப்பு எனக்கு இனிமேல் கிடைக்காது. ஒரு வார்த்தையை மாற்றிச் சொல்லியிருந்தால் ஏர்போர்ட் ரோட்டில் கலகமே நடந்திருக்கும். நான் ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. ஆட்டோக் கண்ணாடியில் அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொட்டகையில் பெரிய அண்ணாச்சி முதலில் மெஷினைப் பார்த்தார். கரும்பு என்று சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டார். தகட்டை மேசையில் வைத்தார், ஆனால் ஒரு விரலை அதன் ஓரத்திலேயே வைத்திருந்தார். அண்ணி அவருடைய விரலைச் சுற்றியே மையைத் தடவினார். துணியால் துடைத்தார், பிறகு உள்ளங்கையால் துடைத்தார். செம்பு மறுபடியும் மின்னியது, மை கோடுகளுக்குள் மட்டும் தங்கியது. மூலை இடதில் இருந்தது. அண்ணாச்சி அதைத் தொட்டுக்காட்டி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

பலகையில் தகடு, அதன் மேல் ஈரத்தாள், அதன் மேல் கம்பளித் துணி. சக்கரத்தை நான் சுற்றினேன். உருளை முனகியது. மறுபக்கம் வந்ததும் அண்ணி, "நீங்களே தாளை எடுங்க அண்ணாச்சி" என்றார்.

பெரியவர் இரண்டு விரலால் தாளின் மூலையைப் பிடித்து மெதுவாகத் தூக்கினார். தெரு தகட்டை விட்டு உரிந்துகொண்டு வந்தது. பால்கனி, கூரை, கடை, சந்து. தாளைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார். பிறகு இரண்டு உள்ளங்கையையும் எதிரெதிரே சேர்த்து, புத்தகம் மாதிரித் திறந்து பார்த்துக்கொண்டார்.

"தகட்டு மேல தாள் குப்புறப் படுத்து எந்திரிக்கிற மாதிரி" என்றார். பிறகு, "அப்ப எனக்கு நேரான தாளே கெடையாதா?" என்றார்.

அண்ணி, மை காயாத அந்தப் படத்தின் மேல் இன்னொரு ஈரத்தாளை வைத்தார். என்னிடம் கண்ணைக் காட்டினார். சுற்றினேன். இரண்டாவது தாளில் தெரு மறுபடியும் திரும்பி விழுந்திருந்தது, மூலை இடதில். முதல் படத்தின் மையில் பாதியைத்தான் அது வாங்கியிருந்தது. புகைக்குள் தெரிகிற தெரு மாதிரி இருந்தது.

சின்ன அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "மங்கலா இருக்குன்னு சொல்லு அவன்கிட்ட. என்னுது எவ்வளவு அழுத்தமா இருக்குன்னு பாக்கச் சொல்லு."

"மங்கலோ என்னமோ, நேரா இருக்குன்னு சொல்லு."

அண்ணி இதைக் கேட்கவே இல்லை. அவர் முதல் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். மூலைக்கடைப் பால்கனியில் தொடங்கி, இரண்டு கடைக்கும் நடுச்சுவரைத் தாண்டி, துணிக்கடைக் கூரை வரைக்கும் மெல்லிசாக ஒரு கோடு ஓடியது. காலையில் இழுத்தபோது மோதிரம் போட்ட கோடு. அதிலும் மை ஏறியிருந்தது.

"தேய்ச்சு எடுக்க முடியாதா அண்ணி?" என்று கேட்டேன்.

"எடுக்கலாம். பக்கத்துல இருக்கிற பூவேலையெல்லாம் சேந்து போயிடும். மறுபடி வரையணும், ஆசிட் போடணும்." வாசலில் வெயில் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்த்தார். "இன்னிக்கு ஆகாது."

பெரிய அண்ணாச்சி அந்தக் கோட்டைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். விரலில் இறுகிப்போயிருந்த மோதிரத்தைத் திருகித் திருகிக் கழற்றி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தகட்டின் ஓரத்தில் வைத்திருந்த விரலையும் எடுத்துவிட்டார்.

சின்ன அண்ணாச்சிதான் பேசினார். என்னைப் பார்த்து இல்லை, சுவரைப் பார்த்து. "கரண்ட் வயர்னு நெனைச்சுக்கிடுவாங்க. நம்ம தெருவுல வயருக்கா பஞ்சம்."

அண்ணி அந்தக் கோட்டை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மை தடவும் கட்டையை எடுத்தார். "சுத்துடா" என்றார்.

அவர்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு தாளோடு ஆளுக்கொரு ஆட்டோவில் போனார்கள். நாங்கள் விளக்குப் போடுகிற நேரத்துக்கு ஓட்டி முடித்தோம். ஒவ்வொரு தாளிலும் அந்தக் கோடு விழுந்தது. அதில் நல்லதை எடுத்து மற்ற நான்கு தெருவோடு வைத்தார் அண்ணி. ஆபீஸிலிருந்து வந்த அண்ணன் கொட்டகை வாசலில் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, தானே அட்டையை வெட்டிக் கட்டிக்கொடுத்தார். காலையில் ஹேடோவில் கட்டு கப்பலேறியது. ஐந்தும் சேர்ந்துதான் போனது.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்துப் பெரியவர்கள் முன்னால் இரண்டு தாளும் வைக்கப்பட்டனவாம். அவர்கள் அழுத்தமானதையும் பார்த்தார்கள், மங்கலானதையும் பார்த்தார்கள். தெருவில் இறங்கி நின்று பார்த்தார்கள். கல்லாவில் உட்கார்ந்தும் பார்த்தார்கள். அடுத்த மாதம் பேசிக்கொள்ளலாம் என்று டீ குடித்துவிட்டுக் கலைந்தார்கள். இன்றைக்கும் அது முடியவில்லை.

சென்னையில் சுவர் கிடைத்தது. அங்கே ஒருவர் ஐந்தாவது படத்துக் கிட்டே போய், மற்ற தெருவிலெல்லாம் இல்லாத வயர் இதில் மட்டும் ஏன் என்று போனில் கேட்டாராம். "அந்தத் தெருவுல அப்படித்தாங்க" என்று சொல்லிவிட்டு அண்ணி போனை வைத்தார்.

நான் பஜார் பக்கம் போகும்போது பெரிய அண்ணாச்சி கூப்பிட்டு டீ வாங்கித் தருகிறார். விரலில் மோதிரம் இல்லை, வெள்ளையாக ஒரு வளையம் மட்டும் தெரிகிறது. நான் என்ன சொன்னாலும், மழை வரும் என்று சொன்னாலும்கூட, அது நேரா, திருப்பினதா என்று உள்ளங்கையைத் திருப்பிக் காட்டிக் கேட்கிறார்:

"ஏல, இது தகடா, தாளா?"